பட்டுச் சட்டை செரித்த கதை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம், என் வயிறும் உங்கள் சட்டையும் நீங்கலாக.

போன வாரம் விருந்து முடிந்து நாம் இருவரும் இங்கேயே சட்டையைக் கழற்றிப் போட்டோமே, என் மகள் நமக்கு ஒரே துணியில் தைத்துக் கொடுத்த வெண்பட்டு, அதில் ஒன்றில் கோழி சூப் கறை. நான் சிந்துகிற ஆள் இல்லை, ஆகவே அது உங்களுடையது. வளர்ந்த மனிதர் இப்படியா என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். என் கணையம் சோம்பேறியாகிவிட்டது, நொதி ஒழுங்காகச் சுரப்பதில்லை என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறாரல்லவா, அது மாவு, கொழுப்பு, புரதம் மூன்றையும் உடைத்துக் கரைக்கும் என்று அவரே சொன்னார், சூப்பிலும் அதே மூன்றுதானே, அப்புறம் சலவைக்கடை எதற்கு என்று உங்கள் அத்தைக்குத் தெரியாமல் ஒரு அட்டை மாத்திரையையும் பிரித்துக் கொட்டி, உடம்புச் சூட்டுக்கு வெந்நீர் வைத்துச் சட்டையை ஊறப்போட்டேன். மறுநாள் எடுத்துக் கசக்கினால், முதுகுப் பக்கம் கையோடு வந்துவிட்டது. சூப்பின் மஞ்சள் கறை மட்டும் அப்படியே இருக்கிறது.

டாக்டர்கிட்ட ஓடினேன். "பட்டும் புரதம்தாங்க. அதையும் சேத்துச் செரிச்சிருக்கு"ன்னு சிரிக்கிறார். "அப்போ என் வயித்தையே தின்னுடாதா?"ன்னேன். "உள்ள வழவழன்னு ஒரு படலம் காவலுக்கு இருக்கு. சட்டைக்கு யாருங்க காவல்?"ங்கிறார் மனுஷன். மாத்திரையும் தீந்துபோச்சு, தின்னது செரிக்காம வயிறு கடமுடன்னு உருளுது. அதுகூடப் பரவாயில்ல மாப்பிள்ளை, ஆபீஸ் விழா மேடையில அந்தச் சட்டையத்தான் போடப்போறேன்னு ஆசையாச் சொன்னீங்களே, அதுதான் பெரிய கவலை. உங்ககிட்ட எனக்கிருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போயிடுமோன்னு பயமா இருக்கு.

எனவே, மனதைக் கல்லாக்கிக்கொண்டு, அலமாரியில் துவைத்து மடித்திருந்த என் சட்டையை நேற்றே உங்களுக்குப் பார்சலில் அனுப்பிவிட்டேன். கடைசியாக ஒருமுறை போட்டுப் பார்த்தேன், வயிற்றுப் பொத்தான் எட்டவில்லை, பருத்துவிட்டேன் போலும். ஆச்சரியம் என்னவென்றால், முதுகு போன உங்கள் சட்டை எனக்குக் கச்சிதமாக இருக்கிறது.

பெரிய மனது பண்ணி மன்னிக்கவும். தின்றதெல்லாம் செரித்து நீங்கள் நீடூழி வாழ வாழ்த்தும்,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உங்கள் அத்தை இதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்கிறாள். சூப்பைச் சிந்தியது நான்தானாம், அவள் கண்ணால் பார்த்தாளாம். அலமாரியில் இருந்ததுதான் உங்களுடையதாம். ஆக, நான் அழித்தது என் சட்டை, தியாகம் செய்தது உங்கள் சட்டை. மேலே கேட்ட மன்னிப்பை உடனே திருப்பி அனுப்பவும். கூடவே ஒரு அட்டை மாத்திரையும்.