பல்லடம் தொண்ணூற்றெட்டு

கம்ப்யூட்டர்களை வேவு பார்க்கப் போய், ஆயுள் முழுக்க வேவு பார்க்கப்படும் ஆளாகிவிட்டவன் நான். இதை ஒப்புக்கொள்ள இப்போது வெட்கமில்லை. அன்றைக்குப் பட்ட வெட்கம் ஏழு தலைமுறைக்குப் போதும்.

தொண்ணூறுகளின் கடைசியில், கோவையில் மோட்டார் பம்ப் விற்கும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் இன்ஜினீயராகச் சேர்ந்தேன். பல்லடம், சென்னிமலை, கிணத்துக்கடவு என்று மூன்று கிளைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர், எங்களோடு பேசிக்கொள்ள அதற்குத் தனி டெலிபோன் லைன். (நான் அதை 'மாபெரும் வலைப்பின்னல்' என்று சொல்லித் திரிந்தேன்.) எந்தக் கம்ப்யூட்டர் எவ்வளவு வேலை செய்கிறது என்று கோவையிலேயே திரையில் சதவீதமாகக் காட்டும் புரோகிராம் ஒன்றை எழுதினேன். ஆறு மாதச் சோதனைக் காலம் முடியும் நாளில் முதலாளிக்கு அதை ஓட்டிக் காட்ட வேண்டும். பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் அப்பாவின் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்க வேண்டியதுதான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். 'உங்கள் கம்ப்யூட்டர் எப்படி உழைக்கிறது என்பதை இனி முதலாளி இங்கிருந்தே பார்ப்பார்' என்று கிளைகளுக்குச் சுற்றறிக்கை வேறு அனுப்பினேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில், சும்மா உட்கார்ந்திருப்பதை முதலாளி பார்த்துவிட்டால் அதைவிட மானக்கேடு கிடையாது. கடைக்கு ஆள் வராவிட்டால், துடைத்த பம்பையே மறுபடி துடைத்துக்கொண்டிருப்பார்கள். இது தெரிந்தும் அனுப்பினேன்!

முதலாளிக்கு ஓட்டிக் காட்டிய அந்த நாள் மதியம், திரையில் பல்லடம் தொண்ணூற்றெட்டு, சென்னிமலை தொண்ணூற்றேழு. கிணத்துக்கடவு வெறும் நாலு.

"பல்லடத்துக்கு இன்னொரு கம்ப்யூட்டர் வேணுங்க. கிணத்துக்கடவுல அந்த அம்மணி சும்மாதான் உக்காந்திருக்குதுங்க. அந்த மிஷினையே எடுத்துப்போடலாமுங்க" என்றேன், பெரிய நிபுணன் மாதிரி.

முதலாளி ஸ்பீக்கர் போனில் கிணத்துக்கடவைக் கூப்பிட்டார். எடுத்தது ஆபரேட்டர் தேன்மொழி.

"ஏனுங்க அம்மணி, காலையிலிருந்து என்ன பண்றீங்க?"

"எட்டு பில் இருந்துச்சுங்க. போட்டு முடிச்சுட்டேனுங்க."

"பல்லடம் தொண்ணூத்தெட்டு ஓடுதே?"

"அப்படீங்களா? எத்தனை பம்புங்க வித்துது?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அடுத்து பல்லடத்துக்குப் போன் போனது. மேனேஜர் பழனிச்சாமி அண்ணன் மூச்சு வாங்கியபடி பேசினார்.

"இன்னும் போணியே ஆகலீங்க."

"அப்புறம் கம்ப்யூட்டர் என்னத்தைங்க ஓடுது?"

"போன வருசத்து பில்லையெல்லாம் பேர் வாரியா அடுக்கறது, கலைக்கறது, மறுக்கா அடுக்கறதுங்க. சோத்துக்குக்கூட ஊட்டுக்குப் போகலீங்க. சென்னிமலை முந்தீருச்சுன்னு நேத்து நம்ம இன்ஜினீயர் தம்பிதானுங்க சொல்லுச்சு. உட்டுக்குடுக்க முடியுங்களா?"

(சொன்னேன். உற்சாகப்படுத்துகிறேனாம்.)

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கு மேஜைக்கடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. கோழிகள் கண்ணுக்குத் தெரிந்தன.

"புரோகிராம் நல்லாத்தான் இருக்குதுங்க தம்பி. வேலை நிரந்தரம்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா திரையைப் பாக்கறதுக்கு அந்த நாலு சதவீத அம்மணி இங்க வரட்டும். அது சொல்றதை நீங்க செய்யுங்க."

அடுத்த திங்கட்கிழமை தேன்மொழி எனக்கு மேலதிகாரியாக வந்தாள். இரண்டு வருடத்தில் மனைவியாகவும் ஆனாள். பதவி மட்டும் மாறவே இல்லை.

இன்றும் ஞாயிற்றுக்கிழமை சோபாவில் சாய்ந்திருக்கும்போது அவள் காலடிச் சத்தம் கேட்டால், துள்ளி எழுந்து, மடித்த துணியையே மறுபடி மடிக்க ஆரம்பித்துவிடுவேன். உள்ளிருந்து மகள் கத்துவாள்: "அம்மா, பல்லடம் தொண்ணூத்தெட்டு!"

தேன்மொழி அசராமல் கேட்பாள்: "எத்தனை பம்புங்க வித்துது?"