குதிரைக்கு விட்ட அரை விரல்

இந்தத் தடவை பின்னறையைப் பிடித்தே தீருவது என்று தையற்காரர் முடிவு கட்டிவிட்டார். பிடிக்க வேண்டியது அவருடைய சொந்த வீட்டுப் பின்னறை. எதிரி, அவருடைய சொந்த மனைவி.

விரல் உயர பொம்மை வீரர்களை மேஜைமேல் நிறுத்தி, பகடை உருட்டிப் போர் நடத்தும் பைத்தியம் அவருக்கு உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு அது அவளுக்கும் தொற்றிக்கொண்டது. களம், முன்னறையில் துணி வெட்டும் மேஜை. யாராவது சட்டைத் துணியோடு வந்துவிட்டால் உடனே போர்நிறுத்தம். இரண்டு படைகளும் ஒரே பொத்தான் டப்பாவுக்குள் கட்டிப்பிடித்துப் படுத்துவிடும். இந்த அவமானம் போதும், பின்னறையில் நிரந்தரமாக ஒரு போர்க்களம் வேண்டும் என்பது அவர் கனவு.

அவள் நர்ஸ். இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டுப் பகலில் தூங்க வேண்டியவள். தையல் மெஷின் சத்தம் எட்டாத ஒரே அறை அதுதான். கனவு காண அவளுக்கு முதலில் தூக்கம் வேண்டும்.

"விளையாடியே தீர்த்துக்கலாம். ஜெயிச்சவங்களுக்கு ரூம்," என்றார் தையற்காரர். "ஒரு விதி மட்டும் வெச்சுக்குவோம். தெரியாம தப்பு நடந்தா, அந்த முறை முடியறதுக்குள்ள சொன்னா திருத்திக்கலாம். அடுத்த முறை ஆரம்பிச்சாச்சுன்னா நடந்தது நடந்ததுதான். யாரும் யாரையும் குத்தம் சொல்லக் கூடாது."

பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. உள்ளே ஓடிய கணக்கு வேறு. கண் விழித்துவிட்டு வந்திருப்பவள், தப்பெல்லாம் அவள் பக்கம்தானே நடக்கும்!

"சரிங்க," என்று கொட்டாவி விட்டாள் அவள். "தப்பைப் பார்த்துட்டு, தெரிஞ்சே ஒருத்தர் வாயை மூடிக்கிட்டு இருந்தா?"

"சேச்சே! அது தப்பில்ல, திருட்டு. அப்படிப்பட்டவன் அங்கயே தோத்தான்!" என்று மார்தட்டினார். காசா பணமா, தட்டினால் என்ன?

போர் மூண்டது. அவளுடைய கொடியைத் தொட்டால் அவருக்கு வெற்றி. கொடிக்குக் காவலாக அட்டைச் சுவருக்குப் பின்னால் அவளுடைய தளபதி நின்றான். தையற்காரரின் வில்லாளிகள் அம்பு விட்டார்கள். பகடையில் நாலு விழுந்தது.

"நாலு விழுந்தா ஆள் காலி, இல்லீங்களா?" என்று சொல்லிக்கொண்டே தளபதியைத் தூக்கி டப்பாவில் போட்டாள்.

வெட்டவெளியில் நிற்பவனுக்குத்தான் நாலு. சுவருக்குப் பின்னால் நிற்பவனைக் கொல்ல அஞ்சு விழ வேண்டும். தையற்காரருக்கு அது நன்றாகத் தெரியும். வாய் திறந்தது. திறந்த வாயில் ஓர் இருமலைப் போட்டு மூடினார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல, நூல் தூசி."

அவளுடைய முறை வந்து போனது. மறுபடி அவர் முறை. ஒரு முறைக்குக் குதிரை பத்து அங்குலம் ஓடலாம். டேப்பை இழுத்து அளந்தார், குதிரையை நகர்த்தினார். மூக்கு கொடியைத் தொட்டது.

"ஜெயிச்சாச்சு!"

"இருங்க. மறுபடி அளங்க." அவளே டேப்பை வாங்கி வைத்துப் பார்த்தாள். "பத்து அங்குலம் இங்கயே முடியுது. குதிரை அரை விரல் தள்ளி நிக்குது."

தையற்காரர் நிஜமாகவே திகைத்துப்போனார். காலமெல்லாம் துணி அளந்த கை அது. எதை அளந்தாலும் தையலுக்கென்று கொஞ்சம் சேர்த்துவிடும். போர் முழுக்க அவருடைய குதிரைகள் அப்படித்தான் ஓடியிருக்கின்றன.

"குதிரைக்குமா தையலுக்கு விட்டீங்க?"

"சத்தியமா தெரியாமதான்..."

"தெரியும்ங்க, கைப்பழக்கம். இந்த முறைக்கு மட்டும் பின்னால வைங்க. முந்தி ஓடினதெல்லாம் நடந்தது நடந்ததுதான். நான் குத்தம் சொல்லலை."

அவள் இவ்வளவு நியாயமாகப் பேசியதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அரை விரலில் அறை போகிறதே!

"அரை விரலுக்குப் போய் இப்படிப் பிடிக்கிறியே! உன் தளபதி சுவருக்குப் பின்னாடி நின்னான். அஞ்சு விழுந்தாத்தான் சாவான். நாலுக்கே தூக்கிப் போட்டியே, நான் ஒரு வார்த்தை சொன்னேனா?"

"சொல்லலை," என்றாள் அவள். "அப்பவே பார்த்தீங்களா?"

"பார்க்காம? என் கண்ணுக்குத் தப்பி ஒரு நூல் போகுமா..."

அங்கே நின்றது வாய். ஊசியும் நூலும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தும் ஒரு நிமிடம் முன்னால் அதைத் தைத்துக்கொள்ளத் தோன்றவில்லையே!

அவள் சத்தம் போடவில்லை. டப்பாவைத் திறந்து, பொத்தான்களுக்கு நடுவிலிருந்து தளபதியை எடுத்து, முந்தானையால் துடைத்துச் சுவருக்குப் பின்னால் நிறுத்தினாள்.

"அப்படிப்பட்டவன் எங்க தோத்தான்னு சொன்னீங்க?"

"அங்கயே," என்றார் தையற்காரர் மெல்ல. அவருக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. அவள் கண்கள் எவ்வளவு சிவந்திருக்கின்றன என்பதையும் அப்போதுதான் பார்த்தார்.

அன்றைக்கே பின்னறையில் கட்டில் போட்டாயிற்று. வெளிச்சம் புகாத கெட்டித் துணி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, ஜன்னலுக்குத் திரை தைக்க அவர் டேப்பை இழுத்தார். கட்டிலில் கண்ணை மூடியபடியே அவள் சொன்னாள்:

"என்னங்க, தையலுக்குத் தாராளமா விட்டே அளங்க. இங்க யாரும் மறுபடி அளக்க மாட்டாங்க."