போடி மாப்பிள்ளையும் வராத கொம்பும்

எங்க அக்கா கல்யாணத்துக்கு டிவில ஓட ஒரு டைட்டில் பண்ணணும். அவ்வளவுதான் வேலை.

மாப்பிள்ளைக்கு ஊரு போடி. கல்யாணம் உத்தமபாளையத்துல. மண்டப வாசல்ல "போடி மாப்பிள்ளை வருகை"ன்னு வரணும்.

நான் அப்பத்தான் தேனியில 3டி அனிமேஷன் கத்துக்கிட்டிருந்தேன். உடம்பெல்லாம் திமிரு!

"எழுத்து ஒவ்வொண்ணும் தங்கத்துல பறந்து வரும்ப்பா!"

"படிக்கிற மாதிரி இருந்தாச் சரி"ன்னாக அப்பா.

அந்தக் காலத்துத் தமிழ் ஃபான்ட்ல கொம்பு தனி, 'ப' தனி, கால் தனி. எல்லாத்தையும் தனித்தனியாப் பறக்க விட்டேன். 'போ'வுக்கு முன்னாடி வர்ற ரெட்டைக் கொம்பு நல்லா வளைஞ்சு அழகா இருந்துச்சா, அதுக்கு மட்டும் ஸ்பெஷல் மரியாதை. வீரபாண்டித் திருவிழா ராட்டினம் மாதிரி ஸ்கிரீன் பூரா சுத்திட்டுக் கடைசியா வந்து உக்காரும்.

எழுத்து பறக்க நூத்துக்கணக்குல படம் வேணும். என் கம்ப்யூட்டர் அதுல ஒரு படத்தை ரெண்டர் பண்ணி எடுக்கிறதுக்குள்ள இட்லி வெந்துரும். முழுசா ஓட்டிப் பாக்கப் பொறுமை இல்ல. முதல் படத்தைப் பாத்தேன், கடைசிப் படத்தைப் பாத்தேன். பிரமாதம்! சிடில ஏத்திட்டேன்.

கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளை கார் வந்து நின்னுச்சு. மேளம் முழங்குது. சிடியைப் போட்டேன். தங்க எழுத்தெல்லாம் வரிசையா வந்து உக்காந்துச்சு. கொம்பு சுத்தக் கெளம்புறதுக்கு முந்தியே பாருங்க, சிடி திக்கி அங்கனயே நின்னுருச்சு!

கொம்பில்லாத 'போ', 'பா'தானே!

டிவில தகதகன்னு "பாடி மாப்பிள்ளை வருகை".

சேர்ல தூங்கிட்டிருந்த ஒரு பெரியவர் முழிச்சுப் படிச்சிட்டுக் கேட்டாரு: "யாருப்பா போனாக?"

மேளம் நின்னுருச்சு.

மாப்பிள்ளையோட அப்பாவுக்கு மொகம் செவந்துருச்சு. "என்ன சம்மந்தி, நல்ல நாளும் அதுவுமா எம்மகனைப் பாடிங்கிறீக! ஏலே டிரைவரு, காரைத் திருப்பு!"

நான் அவுக முன்னாடி ஓடுனேன். அக்கா கல்யாணமே என்னால நின்னுரும் போல!

"மாமா, கொம்பு வந்துக்கிட்டே இருக்கு மாமா!"

"யாருக்குலே கொம்பு?"ன்னு அவுக இன்னும் எகிறுனாக.

அதுக்குள்ள மாப்பிள்ளையே கார்ல இருந்து எறங்கி டிவியைப் பாத்தாரு. சிரிப்பை அடக்க முடியல.

"விடுங்கப்பா, பாடியே நடந்து வருதுல்ல! மேளத்தை அடிக்கச் சொல்லுங்க!"

தாலி கட்டுன பெறகுதான் எனக்கு உசுரு வந்துச்சு.

இன்னைக்கும் அக்கா வீட்டுக்குப் போன் போட்டா மச்சான்தான் எடுப்பாரு.

"சொல்லு மாப்ள, பாடிதான் பேசுது!"