இருநூற்றுப் பத்துப் பெட்டிகளும் ஒரு கேள்விக்குறியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலம் என நம்புகிறேன். முப்பத்தொரு வருடமாகத் தங்கள் பத்திரிகையை வாங்கி, பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வருகிறேன். கடிதம் எழுதுவது இதுவே முதல் முறை. வியாழக்கிழமை முதல் பக்கத்தில் "சரக்கு விமான விபத்து: எடைக் கணக்கில் குளறுபடி?" என்று போட்டிருந்தீர்கள். கடைசியில் ஒரு கேள்விக்குறியை நிறுத்திவிட்டால் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று தங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தது? நான் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்தவள். அங்கே இதற்கு முட்டி போட வைப்பார்கள்.

நடந்ததை, விமான நிலையத்தைப் பார்த்திருக்கும் என் மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து நானே பார்த்தேன். விமானம் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது, எழும்பவில்லை. வேலியைத் தாண்டி முட்டைக்கோஸ் வயலில் மூக்கைக் குத்தி நின்றது. விமானிகள் மூவரும் தாங்களே இறங்கி, சட்டையைத் தட்டிக்கொண்டு நடந்து வந்தார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எங்கள் குடியிருப்பில் மற்ற எல்லோருக்கும் இதைவிட அதிகம் தெரிந்திருக்கிறது. லிஃப்ட் பழுது பார்ப்பவர் பறவை என்கிறார், எதிர்வீட்டுப் பல் மருத்துவர் எரிபொருளில் தண்ணீர் என்கிறார், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியான எங்கள் சங்கச் செயலாளர் படிக்கட்டில் என்னை நிறுத்தி, "பைலட் தூங்கிட்டான், வேற ஒண்ணுமில்ல" என்றார். "நீங்க பக்கத்து சீட்டுல உக்காந்து பாத்தீங்களா?" என்று கேட்டேன். "எல்லாம் அனுபவம்தாம்மா" என்றார். அவர் விமானத்தில் ஏறியதே இல்லை என்று அவர் மனைவி சொல்லியிருக்கிறார்.

இவர்கள் பேச்சு படிக்கட்டோடு போகும். தங்கள் செய்தி அப்படிப் போகவில்லை. சரக்கை எடை பார்த்து ஏற்றும் பிரிவின் பொறுப்பாளர் என் தங்கை மகன். தாயில்லாப் பிள்ளை, நான் வளர்த்தவன். செய்தி வந்த அன்று மாலையே அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை விசாரணை. அதில் பழி அவன்மேல் விழுந்தால் வேலை போய்விடும். என் சோபாவில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறான், போட்ட காபியும் ஆறிப் போகிறது, எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கள். எங்கள் குடியிருப்புவாசிகள் வெளிநாட்டுப் பள்ளி ஒன்றுக்கு அனுப்பிய பழைய புத்தகங்கள், இருநூற்றுப் பத்துப் பெட்டிகள், அந்த விமானத்தில்தான் போயின. அவற்றை எடை போட்டவள் நான். காவலாளி ஒவ்வொன்றாக என் படுக்கையறைக்குத் தூக்கி வர, என் எடை இயந்திரத்தில் வைத்து, கண்ணாடி போட்டு முள்ளைப் படித்து, பெட்டிக்குச் சரியாக இருபத்தைந்து கிலோ வரும்வரை புத்தகங்களை எடுத்தும் சேர்த்தும், என் கையால் சீட்டு எழுதி ஒட்டினேன். பதினொரு வருடமாக என் எடையை ஐம்பத்தாறு என்றே காட்டிவரும் இயந்திரம் அது. "நீ திரும்ப எடை போட்டியாடா?" என்று அவனைக் கேட்டேன். "இல்ல பெரியம்மா. நீங்க எழுதின சீட்டு. அதைப் போய் சரிபாத்திருந்தா நீங்க சும்மா விட்டிருப்பீங்களா?" என்றான். விட்டிருக்க மாட்டேன். ஆகவே குளறுபடிக்கு இடமே இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் மறுப்பு வெளியிடவும்.

தங்கள் பத்திரிகை பிழையின்றி வெளிவர வாழ்த்தும்,
முப்பத்தொரு வருட வாசகி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில், வேலைக்கு வரும் பெண் என் படுக்கையறைக் கம்பளத்தைத் துவைக்க எடுத்துப் போனாள். தரையில் கால் சில்லிடும் என்று, எடை இயந்திரத்தை எப்போதும் அதன் மேல்தான் வைத்திருந்தேன். இன்று வெறுந்தரையில் வைத்து ஏறினேன். அறுபத்து மூன்று. இறங்கி மறுபடி ஏறினேன். அறுபத்து மூன்று. இருபத்தைந்து என்று நான் சீட்டு ஒட்டி, அனுப்பாமல் மிச்சம் நின்ற பெட்டி ஒன்றைத் தங்கை மகன் தூக்கி வைத்தான். இருபத்தெட்டு. "மெத்துமெத்துனு இருக்கறதுமேல வெச்சா குறைச்சுத்தான் காட்டும் பெரியம்மா" என்று மிகவும் மெதுவாகச் சொன்னான். பெட்டிக்கு மூன்று கிலோ என்றால் மொத்தம் அறுநூற்று முப்பது கிலோ. விமானம் எழும்பாததற்கு இதுதான் காரணமா என்று நான் ஊகிக்க மாட்டேன். அது விசாரணைக் குழுவின் வேலை. திங்கட்கிழமை இயந்திரத்தோடும் கம்பளத்தோடும் நானே அவர்கள் முன் போய் நிற்கிறேன். அதற்குள் கம்பளம் காய்ந்துவிடும். தாங்கள் மறுப்பு எதுவும் வெளியிட வேண்டாம். அதே தலைப்பை மறுபடி போடுங்கள், கேள்விக்குறி இல்லாமல். குளறுபடி என்னுடையது, அவன் செய்த தப்பு என் கையெழுத்தை நம்பியது மட்டுமே என்று கீழே ஒரு வரி சேருங்கள். கடிதம் முழுவதையும் வெளியிடலாம். அந்த அறுபத்து மூன்றை மட்டும் போட வேண்டாம்.