முன்மொழிந்தவர்

அடுத்தவர் படிவங்களை நிரப்பிக் கொடுத்தே பெயர் வாங்கியவனுக்கு ஒரு நோய் உண்டு. தன் பெயர் எந்தப் படிவத்தில் இருக்கிறது என்பது அவனுக்கு மறந்துபோகும். எனக்கு அந்த நோய் முற்றியிருந்ததை, கோச்சடையில் எங்கள் வார்டே கூடி நின்று தெரிந்துகொண்டது.

நான் வக்கீல் குமாஸ்தா. ரேஷன் கார்டு, பட்டா, வாரிசுச் சான்று, எதுவானாலும் தெருவில் என்னிடம்தான் வருவார்கள். (வக்கீலே என்னிடம் கேட்டுத்தான் எழுதுவார் என்று ஒரு வதந்தியும் உண்டு. பரப்பியவன் நான்.)

சில வருடங்களுக்கு முன் எங்கள் வார்டு கவுன்சிலர் அம்மா திடீரென்று ராஜினாமா செய்தார். சொந்தக் காரணங்களாம். அவர் பதவியில் இருந்த காலம் முழுக்க, மாமன்ற நாற்காலியைத் தவிர மற்ற எல்லா இடங்களிலும் அவர் கணவர் தனபால்தான் கவுன்சிலராக உட்கார்ந்திருந்தார். காலியான இடத்துக்கு இடைத்தேர்தல் வந்தது. பெண்கள் வார்டு. தனபால் தன் தம்பி மனைவியை நிறுத்தினார். பதவி அதே வீட்டில் ஓர் அடுப்படியிலிருந்து இன்னோர் அடுப்படிக்குப் போவதாக ஏற்பாடு. மற்றக் கட்சிகள் கண்டுகொள்ளவே இல்லை.

அப்போது எங்கள் தெருக் குழாயைத் திறந்தால் சாக்கடை கலந்த தண்ணீர் வந்துகொண்டிருந்தது. தையல் கடை செல்வராணியின் மகள் மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து தேறினாள். செல்வராணி அலங்காநல்லூர்ப் பக்கம் பிறந்தவள். பெற்றவர்கள் அடுத்தவர் வயலில் கூலிக்கு நடவு நட்டவர்கள். அந்தப் பழுப்புத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு மாநகராட்சி அலுவலகத்துக்கு ஏழெட்டு முறை அலைந்தவள், ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, நான் சுயேச்சையா நிக்கப் போறேன். ஃபாரத்த நீங்கதான் நிரப்பித் தரணும்."

தெருவே அவள் பின்னால் திரண்டது. வீடு வீடாக ஏறி இறங்கினாள். தனபாலே இரண்டு முறை ஆள் அனுப்பிப் பேசிப் பார்த்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேட்புமனுவில் முன்மொழிபவர் என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் அதே வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தையல் கடை வாசலில் பூக்கட்டும் பேச்சியம்மா, "நான் வைக்கிறேன்யா கைநாட்டு" என்று பெருவிரலை நீட்டினார்.

"ஆத்தா, இதென்ன ரேஷன் கடையா? முன்மொழியிற ஆளுக்கு ஒரு கனம் வேணும்" என்றேன். (கனம் என்றால் நான்.)

செல்வராணி தயங்கினாள். "எதுக்கும் ஆத்தா கைநாட்டோட எனக்கு இன்னொரு மனுவும் போட்டு வச்சிருவமாண்ணே?"

"நான் நிரப்புன ஃபாரம் எதாச்சும் இதுவரைக்கும் திரும்பி வந்திருக்கா?"

வந்ததில்லை. வீட்டிலிருந்த பழைய வாக்காளர் பட்டியலைப் பார்த்து என் பாகம் எண், வரிசை எண் எல்லாம் எழுதி, கடைசியில் இரண்டு சுழி சுழித்துக் கையெழுத்துப் போட்டேன். நல்ல நேரம் பார்த்துக் கடைசி நாளில்தான் கொடுக்க வேண்டும் என்று நிறுத்தி வைத்ததும் நான்தான்.

மறுநாள் மனு பரிசீலனை. தேர்தல் அதிகாரி சத்தமே போடாத ஒரு பெண்மணி. புதிய பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "முன்மொழிஞ்சவர் யாரு?" என்றார்.

சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தேன்.

"உங்க பேரு இந்த வார்டுல இல்லையே சார்."

"நல்லாப் பாருங்க மேடம், அச்சுப் பிழையா இருக்கும். இருபது வருசமா இங்கதான் குடியிருக்கேன்."

பொறுமையாகக் கம்ப்யூட்டரிலும் பார்க்கச் சொன்னார். திரையை என் பக்கம் திருப்பினார்கள். முந்தைய வருடம் மகளைப் பள்ளியில் சேர்ப்பதற்காக, பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் மாமனார் வீட்டு முகவரிக்கு என் ஓட்டை மாற்றியிருந்தேன். நானே நிரப்பிய விண்ணப்பம். அதுவும் திரும்பி வரவில்லை. ஒரே தடவையில் ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது.

"மேடம், வெளிய ஒரு ஆத்தா நிக்கிறாங்க. அவங்க கைநாட்ட..."

"நேத்தோட நேரம் முடிஞ்சது சார்."

மனு தள்ளுபடி. செல்வராணி என்னைப் பார்க்கவில்லை. பேச்சியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

தம்பி மனைவி போட்டியின்றித் தேர்வானதாக இரண்டு நாள் கழித்துத்தான் அறிவித்தார்கள். தனபாலுக்கு அதுவரை பொறுமை இல்லை. அலுவலக வாசலிலேயே என் தோளில் சால்வையைப் போட்டுவிட்டார்.

"அண்ணே, எங்காளுகளே இம்புட்டுச் செய்யல. சாகுற வரைக்கும் மறக்க மாட்டேண்ணே!"

யாரோ படமெடுத்து வார்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். அதில் நான் அதிர்ச்சியில் பல் தெரிய நிற்கிறேன். பார்த்தவர்களுக்கு அது சிரிப்பு.

நான் விலைபோய்விட்டேன் என்று தெரு தீர்ப்பெழுதியது. வீடு வீடாகப் போய் மறுக்கக் கிளம்பியவனை என் மனைவி கோமதி தடுத்தாள்.

"பேசாம இருங்க. வாங்கிட்டாருன்னா நாலு பேரு வெவரமான ஆளும்பாங்க. மறந்துட்டாருன்னு தெரிஞ்சா நாளைக்கி எவன் உங்ககிட்ட ஃபாரம் நிரப்ப வருவான்?"

ஆனாலும் செல்வராணி கடைக்குப் போனேன். அவள் மிஷினை நிறுத்தவில்லை.

"வாங்குனீகளாண்ணே?"

"சத்தியமா இல்லம்மா. மறந்துட்டேன்."

மிஷின் நின்றது.

"வாங்கியிருந்தீகன்னா நல்லா நாலு ஏச்சு ஏசிட்டு ஆறியிருப்பேன். சும்மாவே செஞ்சிருக்கீக பாருங்க. அத என்ன செய்யன்னுதான் எனக்குத் தெரியல."

மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. அதற்கு மேல் அங்கே எனக்கு வேலை இல்லை. அந்தக் கோடையில் எங்கள் தெருவில் இன்னும் மூன்று வீடுகளில் காமாலை வந்தது. புதுக் குழாய் பதித்தார்கள், புதுக் கவுன்சிலர் வீடு இருக்கும் தெருவில்.

எங்கள் வீட்டில் இது தீராத நகைச்சுவை. மதிப்பெண் அட்டையில் கையெழுத்து வாங்க வரும்போதெல்லாம் என் மகள், "அப்பா, நீங்க எந்த வார்டுப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் நீட்டுவாள்.

போன மாதம் என் அக்கா மகள் கல்யாணத்தைப் பதிவு செய்யப் போயிருந்தோம். சாட்சிக்கு இன்னும் ஒருவரை வரச் சொன்னார்கள். பழக்க தோஷத்தில் எழுந்துவிட்டேன்.

"அப்பா வேணாம்! கல்யாணம் தள்ளுபடியாயிரும்!" என்று மகள் கத்தினாள்.

மாப்பிள்ளை வீட்டார் உட்பட எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மணப்பெண்ணுக்கு ரவிக்கை தைத்து, சேலையும் கட்டிவிட வந்திருந்த செல்வராணியும் சிரித்தாள். அத்தனை வருடத்தில் என் முன்னால் அவள் சிரித்தது அன்றுதான். பிறகு என் கையிலிருந்த பேனாவை வாங்கி, சாட்சிக் கையெழுத்தை அவளே போட்டாள்.