நாற்பது பச்சை விளக்குகள்

மதுரையில் கண் இமைக்காமல் ஊரைக் காப்பவர்கள் இருவர். ஒருவர் மீனாட்சியம்மன். மற்றவர், தன்னடக்கம் தடுத்தாலும் சொல்லிவிடுகிறேன், பைபாஸ் ரோட்டு மாடியில் இயங்கும் எங்கள் நிறுவனம்.

உசிலம்பட்டி மாட்டுத்தீவனக் கடை முதல் அழகர்கோவில் சாலைக் கல்யாண மண்டபம் வரை நாற்பது இணையதளங்களை ஒரே சர்வரில் குடிவைத்திருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் உண்டு. அதன் காலம் முடிந்துவிட்டால், 'இங்கே உங்கள் விவரங்களைத் திருடலாம்' என்று பிரவுசர் வருகிறவர்களை மிரட்டும். அந்த அவமானம் யாருக்கும் நேரக்கூடாது என்று நானே என் கையால் ஒரு 'கண்காணிப்பு மையம்' எழுதினேன். மையம் என்றால் சுவரில் மாட்டிய டிவி. அதில் தளத்துக்கு ஒன்றாக நாற்பது பச்சை விளக்குகள்; சான்றிதழ் காலாவதியானால் அந்த விளக்கு சிவப்பாகும். குத்துவிளக்கு ஏற்றி, கேசரி கொடுத்துத் திறந்தோம்.

நோன்புப் பெருநாள் நெருங்கியபோது ஹஃபீஸா போன் செய்தார். காஜிமார் தெருவில் வீட்டிலேயே குழந்தைகளுக்குப் பெருநாள் உடுப்பு தைத்து, எங்களிடம் உள்ள தளத்தில் விற்பவர். வருஷத்து வியாபாரமே அந்தச் சில நாட்கள்தான்.

"அண்ணே, நம்ம சைட்டத் தொறந்தா திருட்டு சைட்டுன்னு வருது. ஆர்டர் போட வந்தவுகள்லாம் திரும்பிப் போறாக."

டிவியைப் பார்த்தேன். பச்சை.

"எங்க மையத்துல எல்லாம் நல்லா இருக்கும்மா. உங்க போன்லதான் கோளாறு."

மறுநாள் மீண்டும் அழைத்தார். "புதுப் போனே வாங்கிட்டேன்ணே. அதுலயும் அப்படித்தேன் வருது."

"அப்ப உங்க வீட்டு வைஃபை" என்று தீர்ப்பளித்தேன்.

பெருநாளுக்கு முந்தின நாள் அழுதுகொண்டே பேசினார். "வாடிக்கையா வாங்குறவுகளே என்னைய ஏமாத்துக்காரின்னு குரூப்புல போடுறாகண்ணே."

அதன் பிறகுதான், என்னிடம் வேலை பார்க்கும் ரோகிணியை என் புரோகிராமைத் திறந்து பார்க்கச் சொன்னேன்.

"சார், எந்த சைட்டோட சான்றிதழ் வேணும்னு இது சர்வர்கிட்ட பேர் சொல்லியே கேக்கல. பேர் சொல்லலைன்னா சர்வர் முதல் சைட்டோடதத்தான் காட்டும். நாப்பது தடவையும் அதையேதான் காட்டியிருக்கு."

"முதல் சைட் யாரோடது?"

"நம்மளோடது சார்."

டீ ஆறுவதற்குள் ஹஃபீஸாவின் சான்றிதழைப் புதுப்பித்துவிட்டோம். தைத்த உடுப்புகள் மட்டும் அவர் வீட்டுக் கட்டிலிலேயே கிடந்தன. போன் செய்து நடந்ததை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப இம்புட்டு நாளும் யாரைப் பாத்துட்டுண்ணே நாங்க நல்லா இருக்கோம்னு சொன்னீக?"

என்னைத்தான் பார்த்திருக்கிறேன். நாற்பது தடவை பார்த்தும் ஒரு குறையும் தெரியவில்லை.