அப்பாவின் வயிற்றுக்கு இரட்டைப் பூட்டு

பேரன்புக்கும் பெருந்தொப்பைக்கும் உரிய மாமாவுக்கு வணக்கம். இங்கே எல்லோரும் நலம், கொஞ்சம் இளைத்திருக்கிறோம், அவ்வளவுதான். நீங்களும் அத்தையும் நலம் என்று நானே வைத்துக்கொள்கிறேன்.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், இரண்டு நாளாக அப்பாவின் தனியாட்சியில் இருந்த எங்கள் வீட்டுக் கழிவறை இன்று ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

பதினோரு வருடம் டவுன் பஸ் ஓட்டிய அப்பாவுக்கு, நடுவில் எங்கும் நிற்காத ஐந்து மணி நேர வண்டி கிடைத்தது உங்களுக்கே தெரியும். இன்றுதான் முதல் ஓட்டமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் வண்டிக்கு முன்னால் வெள்ளிக்கிழமையே வயிறு புறப்பட்டுவிட்டது. ஆத்திரத்தை அடக்கலாம், மூத்திரத்தை அடக்க முடியாது என்று சொன்ன பெரியவர்கள் மூன்றாவதைப் பற்றி வாயே திறக்கவில்லை, அதனால் அப்பா டிப்போ எதிரிலுள்ள மருந்துக்கடையில் வயிற்றுப்போக்கை நிறுத்தும் மஞ்சள் அட்டை மாத்திரை வாங்கி வந்தார், அம்மா தன் பிஸ்கட் டப்பாவிலிருந்து பச்சை அட்டை ஒன்றை எடுத்து நீட்டினாள், அம்மாதான் எந்த அட்டையையும் முழுசாக வைக்கமாட்டாளே, இடம் அடைக்கிறது என்று இரண்டிரண்டாகக் கத்தரித்துவிடுவாள், அதில் மருந்தின் பெயர் பாதி, வாலும் தலையும் இல்லாமல்.

சனிக்கிழமை மதியத்துக்குள் மஞ்சளில் இரண்டு, பச்சையில் இரண்டு உள்ளே போயாயிற்று. சாயங்காலம் அப்பா, "இன்னும் நாலு போட்டுட்டா நாளைக்கு முழுக்க சீல் வெச்ச மாதிரி இருக்கும்" என்றார். அம்மா, "என் டப்பாவுலேருந்தே ரெண்டு எடுத்துக்கோங்க, அது வேற மருந்து" என்றாள். அப்போதுதான் உங்கள் மருமகன் குறுக்கே பாய்ந்தேன்.

"ரெண்டும் ஒரே மருந்துப்பா. கம்பெனி வெச்ச பேருதான் வேற."

"மஞ்சளும் பச்சையும் எப்படிடா ஒண்ணாகும்?"

"பஸ்ஸுக்கு எந்த பெயிண்ட் அடிச்சாலும் உள்ளே இன்ஜின் இன்ஜின்தானே?"

அதோடு விட்டேனா? அட்டையில் போட்ட அளவுக்கு மேலே போனால் இதயத் துடிப்பே தடுமாறும், காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் இதைத் தொடாமல் நேரே டாக்டர், இரண்டு நாளில் நிற்காவிட்டாலும் டாக்டர், முக்கியமாக உப்பும் சர்க்கரையும் கலந்த பாக்கெட் தூளைத் தண்ணீரில் கரைத்து மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும் என்று ஒரே மூச்சில் முழங்கினேன்.

"அப்போ நாளைக்கு வண்டி? வேற எவனாவது ஏறிட்டா?" என்றார் அப்பா. குரல் உடைந்திருந்தது மாமா, எனக்கே கிண்டல் வரவில்லை. நான்தான் டிப்போ அதிகாரிக்கு போன் போட்டுக் கையில் கொடுத்தேன்.

"வயித்தைக் கையில புடிச்சுக்கிட்டு ஸ்டியரிங்கை எதால புடிப்பே? செவ்வாக்கிழமை எடுய்யா. அது உன் வண்டிதான்" என்றார் அவர்.

இன்று அப்பா கஞ்சி குடித்தார், சீருடையைத் தானே இஸ்திரி போட்டார். ஓர் உயிரையும் ஒரு பஸ் நிறைய மானத்தையும் காப்பாற்றிய களைப்பில் இத்துடன் முடிக்கிறேன். அத்தைக்கு வணக்கம், குட்டிப்பயலுக்கு ஒரு குட்டு.

இப்படிக்கு,
உங்கள் அக்கா பெற்ற ஒரே தொல்லை

பின்குறிப்பு: அட்டையின் பொடி எழுத்தைப் படித்தது நானில்லை, மருந்துக்கடை அண்ணன். சனிக்கிழமை மதியம் எனக்கும் பிய்த்துக்கொண்டது. யாருக்கும் தெரியாமல் மஞ்சளில் ஒன்று, பச்சையில் ஒன்று விழுங்கிவிட்டுப் பயத்தில் காலி அட்டைகளோடு அவரிடம் ஓடினேன். கொஞ்சம் அழுதேன். "இதோட நிறுத்து, தூளைக் கரைச்சுக் குடி, வீட்ல சொல்லிடு" என்றார். முதல் இரண்டையும் செய்துவிட்டேன். மூன்றாவதை நீங்கள் அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் மாமா.